டௌபோ ஏரியில் டிரவுட் மீன் பிடிக்கலாம்: குடும்பத்தோடு வருபவர்களுக்குக் கேள்வி பதில்

நியூசிலாந்து வடக்குத் தீவின் நடுவில் இருக்கிறது டௌபோ ஏரி. பரப்பளவு 616 சதுர கிலோமீட்டர், ஆழம் சில இடங்களில் 180 மீட்டருக்கும் மேல். ஆக்லாந்தில் குடியிருக்கும் நான் மீன்பிடிக்க அடிக்கடி போகும் ஏரி இது. விடுமுறைக்கு வரும் நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

டிசம்பரில் வருகிறோம் அண்ணா. 6 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே மாமனார், மாமியார். முழு நாள் படகு எடுக்கலாமா? (சென்னை)

வேண்டாம். அரை நாள், அதாவது நான்கு மணி நேரமே உங்கள் குடும்பத்துக்குத் தாராளம். படகில் இருப்பவர்களிலேயே சின்னவரையும் மூத்தவரையும் மனதில் வைத்துத்தான் படகைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மீன் எவ்வளவு கிடைக்கும் என்பதெல்லாம் அப்புறம். பதிவு செய்யும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். உள்ளே கழிப்பறை இருக்கிறதா? வெயில், மழைக்கு ஒதுங்க மூடிய இடம் இருக்கிறதா? சின்னப் பிள்ளையின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்று சொல்லும் படகைத் தனியாக உங்களுக்கென்றே எடுங்கள். முன்பின் தெரியாதவர்களோடு பகிர்ந்து போகும் படகில், பிள்ளை அழுதால் பாதியில் கரைக்குத் திரும்பச் சொல்ல முடியாது.

மாமனார் மாமியார் தூண்டில் பிடிக்கவே வேண்டாம், அவர்களுக்கும் பார்க்க நிறைய இருக்கிறது. மைன் பே என்ற இடத்தில் பாறையில் செதுக்கிய பிரமாண்டமான மவோரி (நியூசிலாந்தின் பூர்வகுடி) முகம் இருக்கிறது. 1970களின் கடைசியில் மடாஹி பிரைட்வெல் என்ற கலைஞர் செதுக்கத் தொடங்கியது. நீர்வழியாகப் போனால்தான் பார்க்க முடியும். அந்தப் பக்கமாகப் போக முடியுமா என்று படகோட்டியிடம் முதலிலேயே கேட்டு வையுங்கள்.

டிசம்பர் அங்கே கோடை. அப்போது மீன் கிடைக்காது என்கிறார்களே? (பெங்களூரு)

கிடைக்கும், ஆனால் இருக்கும் இடம் மாறிவிடும். டிரவுட் குளிர்ந்த நீரை விரும்பும் மீன். கோடையில் ஏரியின் மேல்மட்டம் சூடாகி, குளிர்ந்த நீர் கீழே தனி அடுக்காக நின்றுவிடுகிறது. மீனும் அங்கே இறங்கிவிடும். அதனால்தான் படகில் டவுன்ரிகர் என்ற கருவி வைத்திருப்பார்கள். கனமான ஈயக் குண்டு ஒன்றைத் தனிக் கம்பியில் கட்டி ஆழத்துக்கு இறக்குவார்கள். தூண்டில் நரம்பை அந்தக் கம்பியில் ஒரு கிளிப்பால் மாட்டியிருப்பார்கள். மீன் கடித்து இழுத்ததும் கிளிப் விட்டுவிடும். பிறகு குண்டின் பாரம் தூண்டிலில் இருக்காது, மீனின் இழுப்பு மட்டும்தான். 11 வயதுப் பிள்ளைகூடத் தானே ரீலைச் சுற்றி மீனைக் கொண்டுவந்துவிடும். அப்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வருகிறீர்கள்!

விடியற்காலையில் கதை வேறு. கோடையின் தொடக்கத்தில் ஸ்மெல்ட் என்ற பொடி மீன்கள் முட்டையிடக் கரையோரம் வரும், அதைத் தின்ன டிரவுட்டும் பின்னாலேயே வரும். வெயில் ஏறும் வரை ஆழமில்லாத இடத்திலேயே பிடிக்கலாம். பிள்ளைகளை எழுப்ப முடிந்தால் முதல் சவாரியே நல்லது. காற்றும் பெரும்பாலும் அப்போதுதான் அடங்கியிருக்கும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். முட்டையிடும் மீன்கள், ஏரியில் வந்து சேரும் டோங்காரிரோ ஆற்றில் ஏறும் பருவம். அது பழகியவர்களுக்கு விருந்து, இடுப்பளவு பனிநீரில் நிற்க வேண்டும். சின்னப் பிள்ளைகளோடு வருபவர்களுக்கு அது சரிப்படாது.

லைசென்ஸ் நாங்களே எடுக்க வேண்டுமா? (சிங்கப்பூர்)

தூண்டிலைக் கையில் பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் வேண்டும், சிறுவர்களுக்கும்தான். பெரும்பாலும் படகோட்டியே ஏற்பாடு செய்வார். அது கட்டணத்தில் சேர்ந்ததா என்று மட்டும் கேளுங்கள். டௌபோவுக்குத் தனி லைசென்ஸ், அதை வழங்குவது அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை. ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ரோட்டோருவா ஏரிகளில் இது செல்லாது, அங்கே எடுத்தது இங்கே செல்லாது. பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

வணக்கம் அண்ணை. மண்புழு பாவிக்கலாமோ? ஊரில் அதுதானே பழக்கம். (மெல்பர்ன்)

டௌபோவில் கூடாது தம்பி. செயற்கை இரையும் ஃபிளை எனப்படும் இறகு இரையும் மட்டுமே அனுமதி. இங்கே பண்ணையில் வளர்த்த குஞ்சுகளைக் கொண்டுவந்து விடுவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெளியிலிருந்து கொண்டுவந்த மீனின் வம்சம் தானாகவே ஓடைகளில் பெருகி வருகிறது. எத்தனை பிடிக்கலாம், எவ்வளவு நீளத்துக்குக் குறைந்தால் திருப்பி விட வேண்டும் என்பதற்கும் கண்டிப்பான விதி உண்டு. படகில் ஏறியதும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஏரியின் அடித்தளம் ங்காட்டி டூஃபாரெடோவா என்ற மவோரி இனத்தாருக்குச் சொந்தமானது. அவர்கள் வீட்டு விருந்தாளியாக நினைத்து நடந்துகொள்ளுங்கள்.

என் சொந்தத் தூண்டிலைக் கொண்டுவரலாமா? (மதுரை)

கொண்டுவரலாம். ஆனால் பயன்படுத்திய மீன்பிடிப் பொருள் எதுவானாலும் நாட்டுக்குள் நுழையும்போது தரும் பயணி அறிவிப்பில் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் கையோடு 400 டாலர் அபராதம். இது வீண் கெடுபிடி இல்லை. டௌபோவிலிருந்து புறப்படும் வைக்கடோ ஆற்றில் 2023இல் ஒரு வெளிநாட்டுச் சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. ஈரமான கயிற்றிலும் காலணியிலும்கூட இப்படிப்பட்டவை ஒட்டிக்கொண்டு போகும். நல்ல தூண்டில் படகிலேயே இருக்கும்போது அதற்கு ஏன் இத்தனை பாடு?

என் மனைவி சைவம். மீன் துடிப்பதை மகளும் பார்க்க மாட்டாள். நாங்கள் போகலாமா? (திருநெல்வேலி)

பிடித்து விட்டுவிடலாம் என்று சொல்வார்கள். ஆனால் ஆழத்திலிருந்து இழுத்து வந்த மீன், அதுவும் மேல்நீர் சூடாக இருக்கும் கோடையில், களைத்துப் போயிருக்கும். விட்டால் பிழைக்கும் என்று உறுதியில்லை. விடுவதானால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், செவுளைத் தொடாதீர்கள், படத்துக்காக நீருக்கு வெளியே வைத்திருக்காதீர்கள். உங்கள் மகளுக்கு நான் சொல்வது வேறு இடம். ஏரியின் தென்கோடியில் டூராங்கி ஊருக்குப் பக்கத்தில் தேசிய டிரவுட் மையம் இருக்கிறது. ஓடைக்குள் மீன் நீந்துவதை நீர்மட்டத்துக்குக் கீழே கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். தூண்டிலே வேண்டாம்.

மீன் கிடைக்கவில்லை என்றால் கடையில் டிரவுட் வாங்கலாமா? சமைப்பது எப்படி? (யாழ்ப்பாணம்)

வாங்க முடியாது. நியூசிலாந்தில் டிரவுட்டை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம். எந்த உணவக மெனுவிலும் பார்க்க மாட்டீர்கள். நீங்கள் பிடித்ததைக் கொண்டுபோனால் சமைத்துத் தரும் உணவகங்கள் டௌபோ ஊரில் உண்டு, முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.

நானென்றால் சமையலறை உள்ள தங்குமிடம் எடுப்பேன். செதில் மிகவும் பொடி, உரசத் தேவையில்லை. வயிற்றைச் சுத்தம் செய்து, மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சை தடவித் தோலோடு வறுத்தால் போதும். சதை மென்மையானது, வஞ்சிரத்துக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதிகூட வேண்டாம். குழம்பில் போட்டால் உடைந்துவிடும். மனுகா என்ற உள்ளூர் மரத்தின் தூளில் புகையூட்டியது இந்த ஊர்ச் சுவை. சில படகுகளில் அங்கேயே செய்து கொடுப்பார்கள்.

ஏரிதானே, வாந்தி வருமா? படகோட்டிக்கு டிப்ஸ் எவ்வளவு? (துபாய்)

வரும். தெற்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ காற்று வீசினால் இது கடல் மாதிரிதான். பயண வாந்திக்கான மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட வேண்டும், பிள்ளைகளுக்கு மருத்துவரைக் கேட்டுவிட்டு. வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். இட்லி மாதிரி லேசாக ஏதாவது சாப்பிடுங்கள். காற்று பலமாக இருந்து படகோட்டி பயணத்தை ரத்து செய்தால் வாதாடாதீர்கள். அதனால் பயணத் திட்டத்தில் மீன்பிடிப்பை டௌபோவில் தங்கும் முதல் நாளிலேயே வையுங்கள், தள்ளிப் போனாலும் மறுநாள் கையில் இருக்கும். டிப்ஸ் இந்த நாட்டில் வழக்கமில்லை.