டெக்கனில் நீகனுக்கு என்ன வேலை? – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். பள்ளி நாட்களிலிருந்து ஃபைட்டிங் கேம் ஆடுகிறேன், அதிலும் டெக்கன்தான் உயிர். 'டெக்கன் 7'இல் நீகன் வந்தபோது வெறுத்துவிட்டது. 'தி வாக்கிங் டெட்' ஜாம்பி தொடரில் பேஸ்பால் மட்டையோடு திரியும் ஆளுக்கு டெக்கன் கதையின் மிஷிமா குடும்பச் சண்டையில் என்ன வேலை? இன்னொரு ஃபைட்டிங் கேமான 'மார்ட்டல் காம்பாட்'டில் ராம்போ, ரோபோகாப், டெர்மினேட்டர் எல்லோரும் வந்துவிட்டார்கள். இப்போது 'ஃபேட்டல் ஃபியூரி'யில் கிறிஸ்டியானோ ரொனால்டோ. சொந்தமாகக் கேரக்டர் உருவாக்குவதை விட்டுவிட்டு, வெளியாட்களைக் கூட்டிவந்து காசு பார்க்கிறார்கள் என்று தோன்றுகிறது. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' கேமிலிருந்து டெக்கனுக்கு அக்கூமா வந்ததை மட்டும் மனது ஏற்றுக்கொண்டது, அவரும் ஃபைட்டிங் கேம் ஆள்தானே. நான் நினைப்பது சரியா?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகள்தான் என்னை எழுத வைத்தன. அக்கூமாவை ஏற்ற மனது நீகனை ஏற்கவில்லை என்கிறீர்கள். எனக்கு நடந்தது நேர்மாறு. நீகனோடு ஒரு வாரத்தில் பழகிவிட்டேன். அக்கூமாவை என் கை இன்றுவரை டெக்கன் ஆளாக ஒப்புக்கொள்ளவில்லை.

கை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு ஃபைட்டிங் கேமின் உலகம் அதன் கதையில் இருப்பதைவிட அதன் பட்டன்களில் இருக்கிறது என்று நம்புகிறவன் நான். டெக்கனில் நான்கு பட்டன்: இடது கை, வலது கை, இடது கால், வலது கால். 1994இல் முதல் டெக்கன் வந்ததிலிருந்து இந்த அடிப்படை மாறவில்லை. பெரும்பாலும் தரையை ஒட்டிய சண்டை. எதிராளியின் அடி எட்டாதபடி ஒரு எட்டு பின்வாங்கி, அது காற்றில் போன நொடியில் உள்ளே புகுந்து அடிக்க வேண்டும். அல்லது பக்கவாட்டில் நகர்ந்து விலாப்புறம் பிடிக்க வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் வேறு வீடு. அங்கே ஆறு பட்டன். கைக்கு மூன்று, காலுக்கு மூன்று. லேசு, நடுத்தரம், பலம். பக்கவாட்டு என்ற திசையே அங்கே கிடையாது. கையிலிருந்து பாயும் சக்திப் பந்தான ஹடோகென் வந்தால் தடுத்து நிற்கலாம், தாண்டிக் குதிக்கலாம்.

அக்கூமா அந்த வீட்டையே சுருட்டிக்கொண்டு இந்த வீட்டுக்குள் வந்தார். கீழ், கீழ்-முன், முன் என்று கட்டைவிரலால் கால்வட்டம் போட்டுக் குத்தினால் அதே ஹடோகென் கிளம்புகிறது. உயரே எம்பி வளைவாக இறங்கி உதைக்கிறார். டெக்கனில் மற்ற பலருக்கு இல்லாத சக்தி மீட்டர் அவருக்கு நிறைகிறது. ஒரு அடியைப் பாதியில் முறித்து அடுத்த அடிக்குத் தாவுகிறார். ஃபேட்டல் ஃபியூரியிலிருந்து டெக்கனுக்கு வந்த கீஸ் ஹோவர்டும் மீட்டரோடுதான் வந்தார்.

முதல்முறை அக்கூமாவுக்கு எதிரே நின்ற நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஹடோகென் வந்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் பழக்கத்தில் கட்டைவிரல் தானாக மேல் திசையை அழுத்திப் பிடித்தது. குதித்தேன், காற்றிலேயே அடி வாங்கினேன். இரண்டாவது பந்துக்கும் அதேதான். மூன்றாவதுக்கு விரல் அவசரத்தில் மேல் திசையை லேசாகத் தட்டிவிட்டு எடுத்துவிட்டது. டெக்கனில் அழுத்திப் பிடித்தால் குதிப்பு, தட்டிவிட்டால் சைட்ஸ்டெப். ஆள் திரைக்குள் ஒரு எட்டு நகர, பந்து தோளை உரசாமல் நேராகப் போய்விட்டது. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் என்னை அத்தனை ஆண்டுகள் மிரட்டிய ஹடோகென், இந்த வீட்டில் சும்மா விலகி வழிவிட வேண்டிய ஒன்று. இரண்டு கேம்களின் வித்தியாசத்தை ஒரே பட்டனில் எனக்குக் காட்டியதற்காக அக்கூமா மேல் நன்றி உண்டு. ஆனால் அவரை டெக்கன் ஆள் என்று சொல்ல வாய் வராது. கதையில் அவரை உறவு சொல்லிக் கட்டிப்போட்டிருக்கிறார்கள்: அவர் உயிரைக் காப்பாற்றிய மிஷிமா வீட்டுக் கஸூமி, பதிலுக்குத் தன் கணவன் ஹெய்ஹாச்சியையும் மகன் கஸூயாவையும் கொல்லும்படி கேட்கிறாள். அந்த உறவு கதைக்குப் போதும், விரலுக்குப் போதாது.

நீகனைப் பாருங்கள். மீட்டர் இல்லை, பந்து இல்லை, காற்றில் வளைந்து இறங்குவது இல்லை. அடிமேல் அடி கோத்து அடிக்கிறார், இடைவெளியில் நாம் புகலாம். அவருடைய மட்டை எவ்வளவு தூரம் எட்டும் என்று கண்ணால் அளந்து பின்வாங்கலாம். டெக்கன் மற்ற எல்லோரிடமும் கேட்பதைத்தான் நீகனிடமும் கேட்கிறது, அவரும் அதற்குக் கட்டுப்படுகிறார். மட்டை ஒரு குறையே இல்லை. முதல் டெக்கனிலிருந்தே யோஷிமிட்சு வாளோடு நிற்கிறார். 2018இல் எவோ என்ற ஃபைட்டிங் கேம் போட்டி மேடையில் நீகனின் அறிவிப்பு வந்தபோது நானும் உங்களைப் போலவே திகைத்தேன். முகம் அந்நியமானது, உண்மை. தொடரில் நீகனாக நடித்த ஜெஃப்ரி டீன் மோர்கனின் குரலும் ஜாம்பி தொடரின் வாசனையைக் கூடவே கொண்டுவருகிறது. பத்து ஆட்டம் ஆடிய பிறகு எனக்கு அந்த முகம் மறைந்துவிட்டது, தூரம் மட்டும்தான் தெரிந்தது.

இந்தச் சிக்கல் புதிதும் அல்ல. 'டெக்கன் 3' ப்ளேஸ்டேஷனில் கான் என்ற குட்டி டைனோசர் இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மசாஷி தனாகாவின் மங்காவிலிருந்து, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையிலிருந்து, வந்தவன். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடையில் நாங்கள் ஆடியபோது, 'கான் எடுக்கக் கூடாது' என்று பையன்களுக்குள் ஒரு சட்டமே இருந்தது. தலை உயரத்துக்குக் குத்தும் குத்து அவனுக்கு மேலாகப் போய்விடும். முழங்கால் உயர ஆளிடம் டெக்கனின் பாதி அடிகள் செல்லாது. அவன் வேறு கதையிலிருந்து வந்தவன் என்று அன்று யாருக்கும் தெரியாது. கதை தெரியாத பையன்களின் கை அவனைத் தள்ளிவைத்தது. 2008இல் 'சோல்காலிபர் 4' என்ற ஃபைட்டிங் கேம் ஸ்டார் வார்ஸ் யோடாவிடம் அதே தவறைச் செய்தது. உயரம் போதாததால் அவரைப் பிடித்து எறியவே முடியாது. ஆட்டத்தின் ஒரு காலையே ஒடித்து அவருக்கு இடம் கொடுத்தார்கள். கூடவே அப்ரன்டிஸ் என்ற ஒருவர். அதே ஆண்டு வெளிவரவிருந்த வேறொரு ஸ்டார் வார்ஸ் கேமின் நாயகன். உங்கள் 'காசு பார்ப்பது' என்ற சொல் அவருக்கு முழுதாகப் பொருந்தும்.

அதே தொடரின் இரண்டாம் பாகத்தில், 2003இல், இதே வேலையை எவ்வளவு அழகாகச் செய்திருந்தார்கள்! கேம்கியூபில் 'செல்டா' கேமின் நாயகன் லிங்க், எக்ஸ்பாக்ஸில் காமிக்ஸ் நாயகன் ஸ்பான், பிஎஸ்2வில் டெக்கனின் ஹெய்ஹாச்சி என்று ஒரே கேம் மூன்று பெட்டிக்கு மூன்று விருந்தாளியோடு வந்தது. ஆயுதச் சண்டைக்கென்றே எழுந்த வீடு அது. லிங்கின் கையில் வாளும் கேடயமும் ஏற்கெனவே இருந்தன. வில், பூமராங், குண்டு மூன்றும் தூரத்திலிருந்து தொந்தரவு செய்ய உதவின. கிட்டே வந்துவிட்டால் எல்லோரையும் போல வாளால்தான் பேச வேண்டும். செல்டாவில் எப்படி வாய் திறந்து ஒரு வசனம் பேச மாட்டானோ, இங்கேயும் அப்படியே, கத்தல் மட்டும்தான். தன் வீட்டு மௌனத்தையும் விடவில்லை, வந்த வீட்டுச் சட்டத்தையும் மீறவில்லை. இந்த வகைக்கு எனக்கு இன்றும் அவன்தான் அளவுகோல்.

மார்ட்டல் காம்பாட் விஷயத்தில் உங்களோடு முழுதாக முரண்படுகிறேன். அந்த கேமே சினிமா ஆசையில் பிறந்தது. 1992இல் வந்த அதை உருவாக்கிய எட் பூனும் ஜான் டோபியாஸும் முதலில் விரும்பியது அதிரடி நடிகர் ஜான்-க்ளாட் வான் டாமை வைத்து ஒரு கேம். அது கைகூடவில்லை. அந்த இடத்தில் அதே ஜே.சி. முதலெழுத்துகளோடு ஜானி கேஜ் என்ற சினிமா நடிகன் உருவானான். 31 ஆண்டு கழித்து, 2023இல் வந்த 'மார்ட்டல் காம்பாட் 1'இல், அதே ஜானி கேஜுக்கு வான் டாம் தன் முகத்தையும் குரலையும் கொடுத்தார். ஸ்டாலோனே ராம்போவுக்குக் குரல் கொடுப்பதும், பீட்டர் வெல்லர் ரோபோகாப்பாகத் திரும்ப வருவதும் அந்த வீட்டில் அந்நியக் காரியமே அல்ல. வாசலைக் கட்டும்போதே அவர்களை நினைத்துத்தான் கட்டினார்கள்.

உங்கள் அக்கூமாவும் நாடோடிதான். 1994இல் 'சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ'வில் பிறந்தவர், அதே ஆண்டு, ஸ்ட்ரீட் ஃபைட்டரை உருவாக்கிய கேப்காம் கம்பெனியின் எக்ஸ்-மென் கேமில் ஒளிந்திருக்கும் ஆளாகப் போய்விட்டார். ஃபைட்டிங் கேம் என்ற வகைக்கு விருந்தாளி வழக்கம் அந்த அளவுக்குப் பழையது. சொந்த ஆட்களும் குறையவில்லை. டெக்கன் 7லேயே கஸூமி புதியவர், லீராய் ஸ்மித் புதியவர்.

இன்னொரு வருகையைச் சொல்லாமல் விட முடியாது. 2024 செப்டம்பரில் ஃபேட்டல் ஃபியூரி நாயகன் டெர்ரி போகார்ட் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6'க்குள் வந்தார். எஸ்என்கேயின் ஆள், கேப்காமின் வீடு. தொண்ணூறுகளில் இந்த இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்ற கம்பெனிகள். 1987இல் முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரை கேப்காமில் இயக்கிய தகாஷி நிஷியாமாதான் பின்னர் எஸ்என்கேக்குப் போய் 1991இல் 'ஃபேட்டல் ஃபியூரி'யை உருவாக்கினார். டெர்ரியும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் நாயகன் ரியூவும் ஒரே கையில் வளர்ந்தவர்கள். டெர்ரி தரையில் குத்தினால் பவர் வேவ் என்ற சக்தி அலை மண்ணோடு ஊர்ந்து வருகிறது, 'ஆர் யூ ஓகே?' என்று கேட்டுக்கொண்டே பஸ்டர் வுல்ஃப் என்ற அடியில் பாய்கிறார், அத்தனையும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இன் சட்டத்துக்குள் கச்சிதமாக அடங்குகிறது. முதல் நாள் அவரை எடுத்து ஆடியபோது, பிரிந்துபோன பங்காளி வீட்டுப் பிள்ளை பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. எனக்குக் கண் கலங்கியது.

ரொனால்டோ விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. 1999க்குப் பிறகு 26 ஆண்டு காத்திருந்து வந்த ஃபேட்டல் ஃபியூரி அது. எஸ்என்கேயின் பெரும்பங்கு இன்று சவூதியின் மிஸ்க் அறக்கட்டளையிடம். ரொனால்டோ ஆடுவது அதே சவூதியின் அல் நஸ்ர் அணிக்கு. அவருக்கு அந்தத் தெருச் சண்டையோடு உறவு இல்லை, அவர் உதைக்கும் கால்பந்துக்கும் அங்கே ஒரு பொருள் இல்லை. உயிரோடு இருக்கும் ஒரு விளையாட்டு வீரரை உதைத்துக் கீழே தள்ளும்போது எனக்குக் கூச்சமாகவும் இருக்கிறது.

காசைப் பற்றி. வாங்கிய கேமுக்கு மேல் ஆளுக்கு ஆள் தனிக் கட்டணம் என்பது எனக்கும் உறுத்துகிறது. அதைவிட வலிப்பது வேறொன்று. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். உரிமம் முடிந்தால் இந்த விருந்தாளிகள் கிளம்பிவிடுகிறார்கள். 2013இல் சோல்காலிபர் 2 எச்டி வடிவில் திரும்ப வந்தபோது ஸ்பானும் ஹெய்ஹாச்சியும் இருந்தார்கள், லிங்க் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் மார்வெல் உரிமம் முடிந்து 'அல்டிமேட் மார்வெல் வெர்சஸ் கேப்காம் 3' டிஜிட்டல் கடைகளிலிருந்தே எடுக்கப்பட்டது, மூன்று வருடம் கழித்துத்தான் திரும்பியது. ஏற்கெனவே வாங்கியவர்களிடம் மட்டும் அது மிஞ்சியிருந்தது. என் பழைய லிங்க் இருக்கும் சின்ன கேம்கியூப் வட்டை இப்போதும் துணியில் சுற்றித்தான் வைத்திருக்கிறேன்.

டெக்கன் 7 உங்களிடம் இன்னும் இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். பிராக்டீஸ் மோடில் அக்கூமாவை எதிரே நிறுத்தி, ஹடோகெனை மட்டும் பதிவு செய்து திரும்பத் திரும்பப் போடவிடுங்கள். மேல் திசையை ஒருமுறை தட்டுங்கள், ஒருமுறை அழுத்திப் பிடியுங்கள். அதன்பின் நீகனை நிறுத்தி, அவர் மட்டை முனைக்கு அரை எட்டு வெளியே நின்று பின்வாங்கிப் பழகுங்கள். ஒரு வாரம் கழித்து, இருவரில் யார் டெக்கன் ஆள் என்று எனக்கு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்.