மிக்ஸிக்கு அழுற பாப்பா தோசைக்கல் சுட்டு ஏன் அழல?

பாலக்கோடு பக்கத்துல இருந்து எழுதின அம்மாவுக்கு. மிக்ஸி போட்டா காதை பொத்திக்கிறா, மாரியம்மன் பண்டிகைல பம்பை அடிச்சா உள்ள ஓடி ஒளியுறா, சட்டை லேபிள் உறுத்துதுன்னு கழட்டி எறியுறா, களி வாய்ல வெச்சா துப்புறா, இது ஆட்டிசமான்னு ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க. ஆனா கடைசில ஓரத்துல ஒரு வரி, "போன மாசம் தோசைக்கல்லுல கை வெச்சுட்டா, அழவே இல்ல, கொப்புளம் வந்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது." நான் அந்த வரியை விட்டு நகரல.

மத்ததை சட்டுனு முடிச்சிடுறேன். லேபிளை வெட்டி விடுங்க. மிக்ஸி போடறதுக்கு முன்னாடி "பாப்பா, போடப் போறேன்"னு ஒரு குரல் குடுங்க. களி வழவழன்னு இருக்கறது புடிக்கலன்னா அதே ராகி மாவுல அடை சுட்டு பாருங்க. 2013ல வந்த டி.எஸ்.எம். 5ல, அதாவது மனநல டாக்டருங்க நோயை அடையாளம் காண பார்க்கற அமெரிக்க கையேட்டுல, சத்தமும் உறுத்தலும் தாங்காத இந்த மாதிரி கூச்சத்தையும் ஆட்டிசத்தோட அடையாளங்கள்ல சேர்த்தாங்க, உண்மைதான், ஆனா அது மட்டும் இருந்தா ஆட்டிசம் ஆகாதும்மா, மத்தவங்களோட பழகறதுலயும் சிரமம் இருக்கணும். உங்க ஏழு வயசு பொண்ணு தெரு பிள்ளைங்களோட கடை வெச்சு விளையாடுறா, ஸ்கூல் கதையெல்லாம் வந்து சொல்றான்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் எதுக்கு செல்போன்ல பத்து கேள்வி டெஸ்ட் போட்டுட்டு ராத்திரி பூரா தூங்காம இருக்கீங்க? மெடிக்கல்ல யாரோ குடுத்த மூளை டானிக்கை இன்னைக்கே நிறுத்துங்க.

இப்ப அந்த கை. ஒரே பிள்ளைக்கு சத்தம் அதிகமா கேக்கலாம், வலி கம்மியா தெரியலாம், ரெண்டும் சேர்ந்தே இருக்கும், நான் பார்த்திருக்கேன். சத்தத்துக்கு அழறது கண்ணுக்கு தெரியுது, ஆனா வலி தெரியாத பிள்ளை அழாது, "நல்ல பொண்ணு, தைரியசாலி"ன்னு நாமளும் விட்டுடறோம், அங்கதான் ஆபத்து. கால்ல முள் ஏறி சீழ் வைக்கும், காது உள்ள பழுக்கும், சொல்ல மாட்டா. அதனால தினமும் ராத்திரி கால் கழுவி விடறப்ப உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்துல பாருங்க. குளிக்கற வெந்நீரை உங்க முழங்கையால தொட்டு பார்த்துட்டு ஊத்துங்க. விழுந்தா அவளா சொல்ல மாட்டா, நீங்கதான் பாக்கணும்னு டீச்சர் கிட்டயும் சொல்லி வைங்க. ஊசியால குத்தி டெஸ்ட் பண்ற வேலை மட்டும் வேண்டாம்.

இந்த வாரமே தர்மபுரி அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில குழந்தைகள் டாக்டரை பாருங்க. நரம்பை சோதிச்சு பார்க்கணும். நாக்கையோ விரலையோ ரத்தம் வர்ற அளவுக்கு கடிச்சிக்கிறாளா, வெயில்ல வேர்க்குதா, காரணமில்லாம அடிக்கடி ஜுரம் வருதா, இதெல்லாம் கவனிச்சு சொல்லுங்க. உடம்புல எங்கயாவது வெளிறின தேமல் இருந்து அந்த இடத்துல தொட்டா தெரியலன்னா அதையும் கட்டாயம் காட்டுங்க, தொழுநோயா இருந்தாகூட சீக்கிரம் பார்த்தா ரெண்டு மூணு மருந்தை சேர்த்து குடுக்கற கூட்டு மருந்துல முழுசா குணமாகும், அரசு ஆஸ்பத்திரில மருந்து இலவசம்.

இன்னொன்னு, கொப்புளத்துக்கு பேஸ்ட் தடவினேன்னு எழுதியிருக்கீங்க. இனிமே சுட்டா உடனே ஓடற பச்சைத்தண்ணில 20 நிமிஷம் கையை பிடிங்க, பேஸ்ட்டும் வேணாம், இங்க்கும் வேணாம். ஆஸ்பத்திரி போறப்ப அந்த டானிக் பாட்டிலையும் பையில போட்டுக்கோங்க, அதுல என்ன இருக்குன்னு டாக்டர் பாக்கட்டும்.