லாகின் செய்தவரெல்லாம் உரிமையாளர் அல்ல: ஏபிஐ பாதுகாப்பு கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஏபிஐ பாதுகாப்பைப் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கேட்டவர்கள் எல்லோரும் ஏபிஐ எழுதுகிறவர்கள். மற்றவர்களுக்கு ஒரு வரி: ஏபிஐ என்பது ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தரவு கேட்கும் வழி, எண்ட்பாயிண்ட் அதில் உள்ள ஒவ்வொரு முகவரி, டோக்கன் லாகின் செய்தவருக்குக் கொடுக்கும் அடையாளச் சீட்டு, ஹெடர் அதன் தலைப்புக் குறிப்பு.

எங்கள் ஏபிஐயை எங்கள் மொபைல் ஆப் மட்டும்தான் அழைக்கிறது. முகவரியை எங்கும் வெளியிடவில்லை. இதற்கும் பாதுகாப்பு தேவையா?

தேவை. அந்த ஆப் யார் கையில் இருக்கிறது? பயனர் கையில். தன் போனுக்கும் உங்கள் சர்வருக்கும் நடுவில் அவர் ஒரு ப்ராக்ஸியை வைத்தால், போகிற வருகிற ரிக்வெஸ்ட் எல்லாம் திரையில் வரிசையாக வந்து விழும். பழகியவருக்கு அரை மணி நேர வேலை. உங்கள் சர்வரின் சர்டிஃபிகேட்டை மட்டுமே ஆப் நம்பும்படி செய்யும் சர்டிஃபிகேட் பின்னிங் போட்டால் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

ஆப்பில் நீங்கள் மறைத்து வைத்த பட்டன் சர்வருக்குத் தெரியாது. அதற்குத் தெரிவது வந்து சேர்ந்த ரிக்வெஸ்ட் மட்டும். விலை, அளவு, அனுமதி, எதுவானாலும் சர்வரில் சரிபாருங்கள். இதை இன்னும் இரண்டு மூன்று முறை சொல்லப்போகிறேன்.

ஒரு சேவையின் ஏபிஐ கீ வேலை செய்யவில்லை. கீயை இத்துடன் இணைத்திருக்கிறேன். சோதித்துச் சொல்லவும்.

சோதிக்கவில்லை. கடிதத்தை அழித்துவிட்டேன். அந்தக் கீயை இப்போதே ரத்து செய்துவிட்டுப் புதிது எடுங்கள், மீதியை அப்புறம் பார்க்கலாம். வங்கிக் கடவுச்சொல்லை முன்பின் தெரியாதவருக்கு எழுதி அனுப்புவீர்களா? கீயும் கடவுச்சொல்தான்.

கீகள் இருக்கும் என்வ் கோப்பைத் தவறுதலாக கிட்டில் (கோடின் பழைய பதிப்புகளையும் சேமிக்கும் கருவி) கமிட் செய்துவிட்டேன். அடுத்த கமிட்டிலேயே நீக்கிவிட்டேன். போதுமா?

போதாது. பழைய கமிட் அப்படியே இருக்கிறது. ரெப்போவை, அதாவது கோட் களஞ்சியத்தை, குளோன் செய்யும் யாரும் அதை எடுத்துப் பார்க்கலாம். பொது ரெப்போ என்றால், கீ போன்ற சரங்களைத் தேடி அலைகிற பாட்கள் சில நிமிடங்களில் எடுத்துவிடும். வரிசை முக்கியம்: முதலில் கீயை ரத்து செய்யுங்கள், அப்புறம் வரலாற்றைச் சுத்தம் செய்யுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

"எங்கள் ரெப்போ பிரைவேட்" என்ற பதிலும் வரும். 2016-ல் ஊபருக்கு நடந்தது அதுதான். பொறியாளர்கள் பயன்படுத்திய பிரைவேட் ரெப்போவுக்குள் நுழைந்தவர்களுக்கு அங்கே கிளவுட் கணக்கின் கீ கிடைத்தது. சுமார் 5.7 கோடிப் பேரின் தகவல்கள் போயின.

எல்லா எண்ட்பாயிண்டிலும் ஜேடபிள்யூடி டோக்கனைச் சரிபார்க்கிறோம், எச்டிடிபிஎஸ் இருக்கிறது. ஆனாலும் பாதுகாப்புச் சோதனை செய்தவர் ஆறு எண்ட்பாயிண்டுகளை 'மிகக் கடுமையான குறை' என்று குறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். மிகைப்படுத்துகிறாரா?

இல்லை, சரியாகத்தான் குறித்திருக்கிறார். அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

நீங்கள் இணைத்திருந்த கோடில் முதல் எண்ட்பாயிண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். டோக்கன் செல்லுமா என்று பார்க்கிறீர்கள். சரி. அப்புறம் முகவரியில் வந்த ஆர்டர் எண்ணை எடுத்து, அந்த ஆர்டரை டேட்டாபேஸிலிருந்து கொண்டுவந்து அப்படியே கொடுத்துவிடுகிறீர்கள். அது டோக்கன் வைத்திருப்பவருடைய ஆர்டர்தானா என்று எந்த வரியிலும் கேட்கவில்லை. "நீ யார்" என்பதற்குப் பதில் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டீர்கள். "இது உன்னுடையதா" என்பது வேறு கேள்வி.

இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் தன் ஏபிஐயைச் சோதித்துத் தரச் சொன்னது. சாதாரணப் பயனராகக் கணக்குத் தொடங்கி, என் ரசீதைத் திறந்து, பிரவுசரின் நெட்வொர்க் பகுதியைப் பார்த்தேன். ரிக்வெஸ்டின் முகவரி 20318 என்று முடிந்தது. 8-ஐ 7 ஆக்கி மறுபடி அனுப்பினேன். 200, அதாவது 'சரி', என்று பதில் வந்தது. கூடவே, எனக்கு யாரென்றே தெரியாத ஒரு பெண்ணின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண், அவர் வாங்கிய பொருள்கள். இதற்கு ஒரு டூலும் வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு இலக்கத்தை மாற்றினேன். உடனே மூடிவிட்டேன். ஆனாலும் அவருடைய முகவரியை நான் படித்தது படித்ததுதான். அந்தக் குழுவின் தலைவர் சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது: "டோக்கன் இல்லாமல் யாரும் உள்ளே வர முடியாதே." டோக்கன் வாங்க ஒரு மின்னஞ்சல் முகவரி போதும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

இது அரிதான பிழையும் இல்லை. மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு 2019-ல் வெளியிட்ட ஏபிஐ ஆபத்துப் பட்டியலில் முதல் இடம் இதற்குத்தான். 2023-ல் பட்டியலைப் புதுப்பித்தபோதும் முதல் இடம் மாறவில்லை. அமெரிக்கத் தபால் துறையின் ஏபிஐ ஒன்றில் லாகின் செய்த எவரும் மற்றவர்களின் விவரங்களைத் தேடி எடுக்க முடிந்தது 2018-ல் வெளியே வந்தது. சுமார் 6 கோடிக் கணக்குகள். உடற்பயிற்சிக் கருவி விற்கும் பெலட்டான் நிறுவனத்தின் கதை இன்னும் பொருத்தம். 2021-ல் அவர்களுடைய ஏபிஐ, லாகின் கூட இல்லாதவர்களுக்குப் பயனர் விவரங்களைக் கொடுத்தது. பிழையைச் சொன்னதும் முதலில் லாகினைக் கட்டாயமாக்கினார்கள். ஆனால் லாகின் செய்த எவரும் யாருடைய விவரத்தையும் அப்போதும் எடுக்க முடிந்தது. உங்கள் ஆறு எண்ட்பாயிண்டுகளும் இப்போது அந்த இடத்தில்தான் நிற்கின்றன.

திருத்துவது கடினமல்ல. ஆர்டரை எண்ணை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். எண்ணும் உரிமையாளரும் சேர்ந்து பொருந்தினால்தான் ஆர்டர் கிடைக்க வேண்டும். உரிமையாளர் யார் என்பதைச் சரிபார்த்த டோக்கனிலிருந்து எடுங்கள், ரிக்வெஸ்டின் உடலில் வரும் பயனர் எண்ணை நம்பாதீர்கள். இந்தச் சோதனையை ஒரே இடத்தில் எழுதி எல்லா எண்ட்பாயிண்டும் அதன் வழியாகவே போகும்படி செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக எழுதினால் ஏழாவது எண்ட்பாயிண்டில் ஒருவர் மறப்பார். அப்புறம், இரண்டு சோதனைக் கணக்குகள் வைத்து, முதலாமவரின் டோக்கனோடு இரண்டாமவரின் எண்களைக் கேட்கும் டெஸ்ட்களை எழுதுங்கள். படிக்க மட்டும் சோதிக்காமல் மாற்றவும் அழிக்கவும் சோதியுங்கள். பார்ப்பதைத் தடுத்துவிட்டு அழிப்பதைத் திறந்து போட்ட ஏபிஐகளையும் பார்த்திருக்கிறேன்.

வரிசை எண்ணுக்குப் பதில் யூயூஐடி (நீளமான தனித்த அடையாள எண்) வைத்தால் போதுமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். வையுங்கள், நல்லதுதான். ஊகிக்க முடியாது. ஆனால் அது லாகில் (சர்வரின் பதிவேடு) பதியும், பகிர்ந்த லிங்கில் இருக்கும், வேறொரு எண்ட்பாயிண்டின் பதிலில் எட்டிப் பார்க்கும். உரிமைச் சோதனை அப்போதும் வேண்டும். சர்வரில்.

ரிக்வெஸ்டை மறுக்கும்போது அனுப்ப வேண்டிய பதில் எண் 401-ஆ 403-ஆ?

யாரென்றே தெரியாவிட்டால் 401. தெரிந்தும் அனுமதி இல்லையென்றால் 403. அப்படி ஒன்று இருப்பதையே காட்டக் கூடாது என்றால் 404.

கார்ஸில் எங்கள் டொமைனை மட்டும் அனுமதித்திருக்கிறோம். வேறு யாரும் அழைக்க முடியாது, சரிதானே?

தவறு. கார்ஸ் என்பது எந்தத் தளத்தின் பக்கம் ஏபிஐயின் பதிலைப் படிக்கலாம் என்று சொல்லும், பிரவுசர்கள் மதிக்கும் விதி. பிரவுசர் இல்லாமலே ரிக்வெஸ்ட் அனுப்பும் கருவிகளான கர்லும் போஸ்ட்மேனும் அதைப் பார்ப்பதே இல்லை.

எங்கள் ஏபிஐ பாதுகாப்பாக இருக்கிறதா?

கடிதம் இந்த ஒரு வரிதான். உங்கள் ஏபிஐ என்ன செய்கிறது, யார் அழைக்கிறார்கள், எந்தத் தரவைத் தருகிறது, எதுவும் எழுதவில்லை. எழுதி அனுப்புங்கள். கீயை மட்டும் அனுப்பாதீர்கள்.

லாகினுக்கு 4 இலக்க ஓடிபி அனுப்புகிறோம். ரேட் லிமிட் (முயற்சிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு) அவசியமா?

மிக அவசியம். 4 இலக்கத்தில் மொத்தமே 10,000 எண்கள். விநாடிக்கு 50 முயற்சி என்றால் மூன்று நான்கு நிமிடங்களில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம். 6 இலக்கமாக்குங்கள், 10 லட்சமாகும். ஐந்து நிமிடத்தில் காலாவதியாகட்டும். ஐந்து தவறான முயற்சிக்குப் பிறகு அந்த ஓடிபியையே செல்லாததாக்குங்கள்.

எதை வைத்து எண்ணுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஐபி முகவரியை மட்டும் வைத்தால் போதாது. 2019-ல் இன்ஸ்டாகிராமில் கடவுச்சொல்லை மீட்க 6 இலக்க எண்ணை அனுப்பினார்கள், 10 நிமிடம் செல்லும், ரேட் லிமிட்டும் இருந்தது. ஒரு ஆய்வாளர் ஏராளமான ஐபி முகவரிகளிலிருந்து ஒரே சமயத்தில் ரிக்வெஸ்ட் அனுப்பி அந்தத் தடையைத் தாண்டிக் காட்டினார். நிறுவனம் அவருக்கு 30,000 டாலர் பரிசளித்தது. கணக்கு வாரியாகவும் எண்ணுங்கள். வரம்பு தாண்டினால் 429 அனுப்புங்கள்.

ஓடிபியை அனுப்பும் எண்ட்பாயிண்டுக்கும் வரம்பு வேண்டும். ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸுக்கும் காசு கொடுப்பது நீங்கள்.

டோக்கனுக்குள் பயனரின் தொலைபேசி எண்ணை வைக்கலாமா? ஜேடபிள்யூடி என்கிரிப்ட் ஆனதுதானே?

வழக்கமாகப் பயன்படுத்தும் ஜேடபிள்யூடி கையொப்பமிட்டது, அவ்வளவே. நடுப்பகுதி வெறும் பேஸ்64, எழுத்துகளை மாற்றி எழுதும் முறைதான், பூட்டு அல்ல. யாரும் பிரித்துப் படிக்கலாம். மாற்ற முடியாது, படிக்க முடியும். ஆகவே எண் வேண்டாம். எந்த அல்காரிதத்தை ஏற்பது என்பதைச் சர்வரில் நிலையாக எழுதுங்கள். டோக்கனின் ஹெடர் சொல்வதை நம்பி 'நன்' (கையொப்பம் இல்லை) என்று வந்த டோக்கன்களை ஏற்றுக்கொண்ட லைப்ரரிகள் இருந்திருக்கின்றன. ஆயுள் 15 நிமிடம் போல வையுங்கள். முகவரியின் கேள்விக்குறிக்குப் பின்னால் டோக்கனை ஒட்டாதீர்கள், ஆக்சஸ் லாகில் அப்படியே பதியும்.

புரொஃபைல் திருத்தும்போது வரும் ஜேசன் தரவை அப்படியே டேட்டாபேஸில் அப்டேட் செய்கிறோம். ஃபார்மில் பெயரும் படமும்தான் இருக்கின்றன. பிரச்சினை வருமா?

வரும். ஃபார்மில் இல்லாத புலத்தையும் ரிக்வெஸ்டில் சேர்க்கலாம். அட்மினா என்று ஒரு புலம் உங்கள் டேபிளில் இருந்தால் ஒருவர் தன்னைத் தானே அட்மின் ஆக்கிக்கொள்வார். 2012-ல் இதே வகை ஓட்டையால் ஒருவர் கோட் பகிரும் தளமான கிட்ஹப்பிலேயே தன் பப்ளிக் கீயை வேறொரு திட்டத்தின் கணக்கில் சேர்த்துக் காட்டினார். எந்தெந்தப் புலம் மாறலாம் என்று சர்வரில் பட்டியல் வையுங்கள். பதிலில் போவதற்கும் தனிப் பட்டியல் வேண்டும். கடவுச்சொல் ஹேஷை அனுப்பிவிட்டு "திரையில் காட்டுவதில்லையே" என்று சொல்லாதீர்கள்.

எங்கள் ஏபிஐயின் பழைய முதல் பதிப்பை இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை. அப்படியே விட்டுவிடலாமா?

விடாதீர்கள். 2022-ல் ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்திடமிருந்து சுமார் 95 லட்சம் பேரின் தகவல்கள் போயின. அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் நீதிமன்றத்தில் சொன்ன காரணம் இது: 2018-ல் நேர்ந்த ஒரு கோடிங் பிழையால் ஏபிஐயின் அனுமதிச் சோதனை வேலை செய்யாமல் போனது. 2021-ல் முக்கியத் தளத்தில் அதைக் கண்டு திருத்தினார்கள். பயன்பாட்டில் இல்லாத இன்னொரு முகவரியில் திருத்தவில்லை.

உங்கள் ஆக்சஸ் லாகில் கடைசி மூன்று மாதங்களை எடுத்துப் பாருங்கள். முதல் பதிப்புக்கு ஒரு அழைப்பும் இல்லையென்றால் இந்த வாரமே மூடுங்கள். அழைப்பு வந்திருந்தால் யார் அழைக்கிறார்கள் என்று தேடிப் பிடித்து, ஒரு தேதி சொல்லி மாற்றிவிட்டு மூடுங்கள். அந்தத் தேதி வரும்வரை புதிய பதிப்பில் செய்கிற ஒவ்வொரு திருத்தமும் பழையதிலும் போக வேண்டும்.