பெட்டிக்கு நாலு

அன்புள்ள சார்,

பாரிமுனைக் கடைத்தெருக்களைப் பற்றி நீங்கள் எழுதியதை என் வீட்டுக்காரர் செல்போனில் வாசித்துக் காட்டினார். தேவராஜ முதலி தெருவின் கண்ணாடிக் கடைகளில் சாயங்கால வெயில் பட்டுத் தெறிப்பதை அழகாக எழுதியிருந்தீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. வேடிக்கை பார்க்கப் போகிறவருக்கு அது தெரியும் சார். வீடு கட்டுகிற இடத்தில் பிளம்பர் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்க, பைப் திரும்புகிற மூலைக்கான ஒரு எல்போவுக்காக ஓடுகிறவளுக்கு வெயில் தலையில்தான் விழும்.

திருவொற்றியூரில் மாமனார் விட்டுப்போன இடத்தில் கீழும் மேலுமாக வீடு கட்டுகிறோம். இவருக்கு மணலியில் ஷிஃப்ட் வேலை. மேஸ்திரிக்கு லேபர் காண்ட்ராக்ட் மட்டும். சாமான் எங்கள் பொறுப்பு, அதாவது என் பொறுப்பு. ரூஃப் போடும்போது போர் தண்ணீர் உப்பு, லாரித் தண்ணீர்தான் வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். வீண் செலவு என்று மாமியார் இன்றுவரை சொல்கிறார். இப்போது டைல்ஸ். வெட்டுச் சேதாரம் சேர்த்து 960 சதுர அடி என்றார் மேஸ்திரி. 200 அடி ரோட்டில் ஒரு கடையில் "ரெண்டுக்கு ரெண்டு, பெட்டிக்கு நாலு, பதினாறு சதுர அடி" என்று 60 பெட்டி போட்டுக் கொடுத்தார்கள். கடைசியில் ரெண்டு பெட்டி குறைகிறது. அந்த ஷேடு தீர்ந்துவிட்டதாம். "ஒரு பெருக்கல் கணக்குகூடத் தெரியாதா?" என்று மேஸ்திரி முன்னாலேயே இவர் கேட்டுவிட்டார். பெருக்கினால் 960தானே சார் வருகிறது?

இனிமேல் கடைக்குத் தானே போவதாகச் சொல்கிறார். விட்டுவிடலாமா? கடைக்காரர்களும் என்னைப் பார்த்தால் "சார் வரலியாம்மா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கும் அலுத்துவிட்டது.

எம்., திருவொற்றியூர்

அன்புள்ள எம்.,

பெருக்கினால் 960தான் வரும். உங்கள் கணக்கு சரி. கோளாறு அந்தப் பதினாறில் இருக்கிறது.

கட்டுகிற இடத்தில் டைல்ஸ் காலிப்பெட்டி ஏதாவது கிடக்கும், எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் 600க்கு 600 மில்லிமீட்டர் என்று அச்சடித்திருக்கும். அதைத்தான் நம் ஊரில் ரெண்டுக்கு ரெண்டு என்கிறார்கள். ஆனால் இரண்டடி என்றால் 609.6 மில்லிமீட்டர். ஒவ்வொரு பக்கத்திலும் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் அடிவாங்குகிறது. அதனால் ஒரு டைல் 4 சதுர அடி வராது, 3.875தான் வரும். நாலு டைலுக்குப் பதினைந்தரை. பெட்டியிலேயே 1.44 சதுர மீட்டர் என்றும் போட்டிருப்பார்கள், அதை 10.764 ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே பதினைந்தரைதான். 60 பெட்டிக்கு 930 சதுர அடி. மிச்சம் முப்பதுதான் உங்கள் வீட்டில் சண்டையாக நிற்கிற ரெண்டு பெட்டி.

இதில் பணமும் இருக்கிறது. பில்லை எடுத்துப் பாருங்கள். பெட்டிக்கு இவ்வளவு என்று போட்டிருந்தால் பேச ஒன்றுமில்லை. சதுர அடிக்கு விலை போட்டு, பெட்டிக்குப் பதினாறு என்று கணக்குப் பண்ணியிருந்தால், தராத அரை சதுர அடிக்கும் சேர்த்து வாங்கியிருக்கிறார்கள். சதுர அடி 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பெட்டிக்கு 25, மொத்தத்தில் 1,500 ரூபாய். போய்க் கேளுங்கள். "எல்லாக் கடையிலும் இப்படித்தாம்மா" என்பார்கள். எல்லாக் கடையிலும் இப்படி இல்லை. கால்குலேட்டரில் பதினைந்தரை என்று தட்டித் தருகிற கடைகளும் அதே மாதிரி ரோடுகளில்தான் இருக்கின்றன.

எனக்குக் கடைக்காரரைவிட மேஸ்திரிமேல்தான் கோபம். எத்தனை வீட்டுக்குத் தரை போட்டிருப்பார்! பெட்டிக்கு எவ்வளவு ஓடும் என்று அவர் கைக்கே தெரியும். 960 சதுர அடி என்று சொன்ன வாயால் 62 பெட்டி என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இருந்துவிட்டு, உங்களைத் திட்டும்போதும் சும்மா நின்றிருக்கிறார்.

குறைகிற இடத்துக்கு "கிட்டத்தட்ட அதே கலர்" தேடி அலையாதீர்கள். அடுத்த பேட்ச் எவ்வளவு நெருங்கி வந்தாலும் ட்யூப்லைட் போட்டால் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டோர் ரூம், மாடிப்படி திரும்புகிற இடம் என்று ஏதாவது ஒன்றில் இன்னும் டைல்ஸ் ஒட்டாமல் இருந்தால், அதற்கென்று வைத்திருப்பதை எடுத்து இங்கே போட்டு முடியுங்கள். அந்தச் சின்ன இடத்துக்கு முற்றிலும் வேறு டைல்ஸ் வாங்கிக்கொள்ளலாம். வேண்டுமென்றே செய்ததுபோல் இருக்கும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியை நான் விட மாட்டேன். லாரித் தண்ணீர். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரவிதி. கடலை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீரை நம்பி ரூஃப் போட முடியாது. உப்பு உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும், துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். உங்கள் தெருவிலேயே பழைய வீடுகளின் சன்ஷேடுக்கு அடியில் அண்ணாந்து பாருங்கள், காரை பெயர்ந்து கம்பி பல்லிளித்துக்கொண்டிருக்கும். மாமியாரையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

வீட்டிலேயே பெரிய முடிவு அதுதான், அதை எடுத்தது நீங்கள். அது சரியாகப் போனதால் யார் கண்ணிலும் படவில்லை. உடையாத சன்ஷேடை எவர் அண்ணாந்து பார்க்கிறார்? ரெண்டு பெட்டி குறைந்தது மட்டும் நடுக்கூடத்தில் பளிச்சென்று தெரிகிறது. வீடு கட்டுகிற எல்லாக் குடும்பத்திலும் நான் பார்த்தது இதுதான். அலைவது ஒருவர், முடிவு சொல்வது இன்னொருவர், சாமான் தப்பாக வந்தால் திட்டு மட்டும் அலைந்தவருக்கு. ஆண் அலைகிற வீட்டிலும் இதே கதைதான், என்ன, அங்கே கடைக்காரர் "மேடத்தைக் கேட்டுட்டு வாங்க சார்" என்பார்.

கடைத்தெரு தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது, அதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. உங்கள் எல்போவையே எடுத்துக்கொள்வோம். பிளம்பர் போனில் "முக்கால் எல்போ நாலு" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். வெந்நீர் லைனுக்கு ஓடுகிற சி.பி.வி.சி. பைப்பிலும் முக்கால் உண்டு, வெள்ளையாக இருக்கிற யு.பி.வி.சி. பைப்பிலும் முக்கால் உண்டு. முதலாவதன் வெளிவிட்டம் 22.2 மில்லிமீட்டர், இரண்டாவதற்கு 26.7. இரண்டும் கடையில் முக்கால் இஞ்ச்தான், ஒன்றுக்குள் ஒன்று போகாது. மாற்ற வேண்டுமென்றால் மறுபடி தேரடியில் மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்கி நடக்க வேண்டும். (2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்திராவிட்டால் இதற்கு அரைநாள் பிடித்திருக்கும் என்பது வேறு.)

எங்கள் வீட்டில் பாத்ரூம் இடித்துக் கட்டியபோது என் மனைவிதான் அலைந்தார். பைப்பில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டை அறுத்துப் பையில் போட்டுக்கொண்டுதான் படியிறங்குவார். செம்புதாஸ் தெருவில் ஒரு கடையில் பையன் ஒருத்தன், நீங்கள் எழுதிய அதே கேள்வியைக் கேட்டான், சார் வரலியாம்மா என்று. இவர் பைப்புத் துண்டை எடுத்து கல்லாமேஜையில் டொக்கென்று வைத்து, "இதோ, சார் வந்திருக்கார்" என்றார். முதலாளி சிரித்து, பில்லில் பைசாவைத் தள்ளிக் கொடுத்தார். வெயிலைப் பற்றி எழுதியதை நான் வாபஸ் வாங்கப்போவதில்லை. இப்படிப்பட்ட ஆட்கள் நிற்கிற இடத்தில்தான் அந்த வெயில் விழுகிறது, அதனால்தான் எழுதினேன்.

சரி, கடைக்கு அவரை விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். கடைக்குப் போவது என்று உங்கள் வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருப்பது பணம் எண்ணிக் கொடுக்கிற அந்தப் பத்து நிமிஷத்தை. பாரிமுனை மொத்தக் கடைகள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை திறக்காது. காலை ஷிஃப்ட் முடிந்து மத்தியானத்துக்கு மேல்தான் அவர் கிளம்ப முடியும். கிளம்பும் முன் பிளம்பரைப் பிடித்து லிஸ்ட் எழுதணும், அவர் மறந்ததைக் கேட்டு வாங்கணும். திரும்பும்போது மீன்பாடி வண்டிக்காரரிடம் பேரம் பேசணும். ராத்திரி லாரி வந்தால் எதிர்வீட்டு பைக்கை நகர்த்தச் சொல்லி அவர்களை எழுப்பணும், காலையில் அவர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் சமாதானம் சொல்லணும். இத்தனையையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார் என்றால் தாராளமாக விடுங்கள். வாங்குவது மட்டும் அவர், மாற்றுவதும் சமாளிப்பதும் நீங்கள் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

என் யோசனை, சாமானைப் பிரித்துக்கொள்வது. வயர், ஸ்விட்ச், ஃபேன், லைட் முழுக்க அவர். பாத்ரூம், சமையலறை முழுக்க நீங்கள். அவரவர் பங்கில் அவரவர் சொல்வதே முடிவு. ஆட்சேபம் இருந்தால் வாங்குவதற்கு முதல்நாள் ராத்திரி சொல்லிவிட வேண்டும், சாமான் வந்து இறங்கிய பிறகு வாய் திறக்கக்கூடாது. கடையில் நிற்கும்போது மற்றவருக்கு போன் போடவும் கூடாது. போன் போட்டால் கடைக்காரர் உங்களிடம் பேசுவதை நிறுத்திவிட்டு போனிடம் பேச ஆரம்பித்துவிடுவார்.

மேஸ்திரி முன்னால் கேட்ட அந்தக் கேள்வியைப் பற்றி மட்டும் அவரிடம் தனியாக, காட்டமாகவே பேசுங்கள். மனக்கஷ்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. இந்த வீட்டில் இந்த அம்மா பேச்சு எடுபடாது என்று மேஸ்திரி ஒருநாள் கண்டுகொண்டால், அடுத்த நாளிலிருந்து சிமென்ட் மூட்டை எத்தனை ஆச்சு என்று நீங்கள் கேட்டால்கூட, "சார்கிட்ட சொல்லிட்டேம்மா" என்பார். சார் மணலியில் இருப்பார்.

பாத்ரூம் உங்கள் பங்கு என்றதால் கடைசியாக ஒன்று. வெஸ்டர்ன் கோப்பை வாங்கப் போகுமுன், கழிவுக்குழாய் தரையில் இறங்குகிறதா, சுவருக்குள் போகிறதா என்று பாருங்கள். தரையென்றால் எஸ் டிராப் என்கிற கோப்பை, சுவரென்றால் பி டிராப் என்கிற கோப்பை. தரையென்றால் சுவரிலிருந்து குழாயின் நடுமையம் வரை அளக்க வேண்டும், 9 இஞ்சுக்கும் கோப்பை உண்டு, 12 இஞ்சுக்கும் உண்டு. அளப்பது டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து. ஒட்டாத சுவரில் அளந்தால் டைல்ஸும் கலவையுமாக ஒரு இஞ்சுக்குக் கிட்ட தின்றுவிடும். அளவைச் சீட்டில் எழுதிப் பிளம்பரிடம் கையெழுத்து கேளுங்கள். சிரிப்பார், ஆனால் போடும் முன் டேப்பை எடுத்து இன்னொரு தடவை அளந்து பார்த்துக்கொள்வார்.