'தங்க மூட்டு' போட்டால்தான் பாதுகாப்பா?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது; சர்க்கரை நோய் உண்டு. இரண்டு முழங்கால் மூட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். "சாதாரண உலோகம் ரத்தத்தில் கலந்து விஷமாகும். தங்க மூட்டு 30 வருஷம் கேரண்டி" என்று பேக்கேஜ் பேசுபவர் காலுக்கு ஒரு லட்சம் கூடுதலாகக் கேட்கிறார். கவரிங் கம்மல் போட்டாலே அம்மாவுக்குக் காது புண்ணாகும். என்ன செய்வது?

பதில்: அதில் குண்டுமணி தங்கம்கூடக் கிடையாது. உலோகத்தின் மேல் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. அதன் நிறம் மஞ்சள், அவ்வளவுதான்.

விஷம் என்ற பயம் இடுப்பு மூட்டிலிருந்து வந்தது. உலோகத்தோடு உலோகம் உரசும் வகையில் துகள் உதிர்ந்து சுற்றியுள்ள சதை கெட்டது. அப்படி ஒரு மூட்டு 2010இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. முழங்கால் மூட்டில் நடுவே கெட்டியான பிளாஸ்டிக் தட்டு இருக்கிறது; உலோகத்தோடு உலோகம் உரசாது. இந்த மஞ்சள் பூச்சு இல்லாத மூட்டுகளே பத்தில் எட்டு 25 வருஷம் உழைத்திருக்கின்றன.

கம்மல் விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். கவரிங்கில் உறுத்துவது நிக்கல். வழக்கமான கோபால்ட்-குரோமியம் மூட்டிலும் அது துளி உண்டு. தோல் ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலோர் அதே மூட்டோடு நன்றாகவே நடக்கிறார்கள். ஆனால் கடிகார வார், கொக்கி பட்ட இடமெல்லாம் அம்மாவுக்குத் தடிக்கிறதா? அப்படியானால் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை) செய்து, முடிவை சர்ஜனிடம் நேராகக் காட்டுங்கள். பூச்சுப் போட்ட மூட்டைக் கேட்க நியாயமான காரணம் இது ஒன்றுதான். அதையும் சர்ஜன் சொல்லட்டும், பேக்கேஜ்காரர் சொல்ல வேண்டாம்.

2017 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்த உச்ச விலை, வரி நீங்கலாக, கோபால்ட்-குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாய். பூச்சு வகைக்கு 76,600. வித்தியாசம் 21,880. பிறகு விலை கொஞ்சம் ஏறியிருக்கலாம். ஒரு லட்சம் எங்கிருந்து வந்தது? மூட்டுக்குக் கடிவாளம் போட்ட அரசு அறை வாடகையையும் கையுறையையும் அவிழ்த்துவிட்டது. பில் அங்கே வீங்குகிறது. எத்தனை வருஷமாகக் கத்துகிறோம்! மூட்டின் விலை, கம்பெனி, தயாரிப்புத் தொகுதி எண் (batch number) மூன்றும் பில்லில் தனியே வர வேண்டும் என்பது விதி. கேட்டு வாங்குங்கள்.

நிஜமான ஆபத்து கிருமித்தொற்று. மூட்டில் கிருமி ஒட்டிக்கொண்டால் மாத்திரை மட்டும் போதாது. பல சமயம் மூட்டையே கழற்ற நேரும். சர்க்கரை கட்டுக்குள் வரும்வரை தேதி குறிக்காதீர்கள். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று இருந்தால் முதலில் அதைத் தீருங்கள். வீடு திரும்பும்போது மூட்டுப் பெட்டியின் ஸ்டிக்கர் நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் மறு அறுவை செய்யும் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.