பதினொரு மணிக்கே பாருக்குக் கூப்பிடுகிறார்கள்: ஓய்வுபெற்று வெளிநாட்டில் குடியேறியவருக்கு ஒரு பதில்

வணக்கம் சார். ஓய்வுபெற்று வெளிநாட்டில் குடியேறி மூன்று மாதமாகிறது என்கிறீர்கள். உங்களுக்கு முன்பே அங்கு வந்து தங்கிவிட்ட ஓய்வுபெற்றவர்கள் தினமும் காலை பதினொரு மணிக்கே பாரில் கூடிவிடுகிறார்கள்; அவர்களை விட்டால் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. எவ்வளவு வரை குடித்தால் பரவாயில்லை, சேராவிட்டால் ஒதுக்கிவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டத்தில் ஒருவருக்குக் காலையில் கை நடுங்குகிறது, அவரிடம் என்ன சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

எவ்வளவு என்பதற்கு முன்னால் எத்தனை மணிக்கு என்பதைப் பாருங்கள். வேலையில் இருந்தவரை உங்கள் பகல் நேரத்துக்குக் காவல் இருந்தது. அலுவலகம், வண்டி ஓட்ட வேண்டிய கட்டாயம், வாசனை பிடித்துவிடக்கூடிய சக ஊழியர், மாலையில் வீட்டுக்கு வரும் உறவினர் என்று யாராவது, ஏதாவது தடுத்துக்கொண்டே இருந்தது. ஓய்வு அதில் பாதியை எடுத்துவிடுகிறது, வெளிநாடு மீதியை எடுத்துவிடுகிறது. கூடவே, விடுமுறையில் வந்த இடம் போலவே எல்லாம் தெரிவதால், விடுமுறைக்கு மட்டும் வைத்திருந்த சலுகை வருடம் முழுவதற்குமான பழக்கமாகிறது. உள்ளூர் மொழி வராதவருக்கு மொழி தேவைப்படாத ஒரே இடம் பார்தான் என்பதும் உண்மை. ஆகவே அந்த நண்பர்களைக் கெட்டவர்கள் என்று நினைக்காதீர்கள். முதல் வருடத்தில் அவர்களும் உங்களைப் போலத் துணை தேடித்தான் அங்கே போயிருப்பார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். கிளாஸ் கணக்கு ஏமாற்றும். கிராம் கணக்குப் போடுங்கள். பானத்தின் மில்லிலிட்டரை லேபிளில் உள்ள சதவீதத்தால் பெருக்கி, 100ஆல் வகுத்து, 0.8ஆல் பெருக்கினால் அதிலுள்ள சுத்த ஆல்கஹால் கிராமில் கிடைக்கும். 5 சதவீத பீர் 330 மில்லி என்றால் சுமார் 13 கிராம். அதுவே 500 மில்லி என்றால் 20 கிராம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றிலேயே சுமார் 42 கிராம் இருக்கிறது; "ஒரே ஒரு பீர்" என்று சொல்லிக் குடிப்பவர் மூன்று சின்ன பீர் குடித்துவிட்டார். 12.5 சதவீத ஒயின் 150 மில்லி 15 கிராம். 43 சதவீத விஸ்கி 60 மில்லி 20 கிராமுக்குச் சற்று மேல். வீட்டில் கண்ணளவில் ஊற்றும் பெக் பெரும்பாலும் 60ஐத் தாண்டும். வீட்டில் குடிப்பதானால் 30 மில்லி அளவுக் கோப்பை ஒன்று வாங்கி வையுங்கள், அதில்லாமல் ஊற்றாதீர்கள்.

நாடு மாறியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பிரிட்டனில் ஒரு 'யூனிட்' 8 கிராம், ஆஸ்திரேலியாவில் ஒரு 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' 10 கிராம், அமெரிக்காவில் 14 கிராம். ஒரு நாட்டு அறிவுரையைப் படித்து இன்னொரு நாட்டு எண்ணிக்கையில் குடித்தால் கணக்கு ஏறக்குறைய இரண்டு மடங்குவரை பிசகும். பிரிட்டன் சொல்லும் உச்ச வரம்பு வாரத்துக்கு 14 யூனிட், அதாவது 112 கிராம். ஆஸ்திரேலியா 2020இல் சொன்னது வாரத்துக்குப் பத்து, அதாவது 100 கிராம், ஒரே நாளில் நான்குக்கு மேல் கூடாது. இவை ஆரோக்கியமான பெரியவர்களுக்கானவை. பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. அறுபதைத் தாண்டி, தினமும் மாத்திரை சாப்பிடுபவர் இந்த எண்களைவிடக் கீழேதான் நிற்க வேண்டும். வயதாக ஆக உடம்பில் நீரின் பங்கு குறைகிறது. நாற்பது வயதில் குடித்த அதே அளவு இப்போது இரத்தத்தில் அதிகச் செறிவாக ஏறும். பெண்களுக்கு இன்னும் கூடுதலாக.

பதினொரு மணிக்குத் தொடங்கினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஈரல் மணிக்குச் சுமார் 7 அல்லது 8 கிராமைத்தான் கழிக்கும். காபி, குளியல், தூக்கம் எதுவும் அதை விரைவுபடுத்தாது. பதினொன்றிலிருந்து ஒன்றுக்குள் அரை லிட்டர் பீர் மூன்று போனால் 60 கிராம். அது வெளியேற மாலை ஏழு மணியாகும். இரவு உணவுக்கு முன் வழக்கமான இரண்டு பெக் சேர்ந்தால், மேலும் 40 கிராம், அது முடிய நள்ளிரவைத் தாண்டும். மாலையில் மட்டும் குடிப்பவருக்கு உடம்பு தெளிந்திருக்கும் நேரம் நீளமாக இருக்கும். பகலில் தொடங்குபவருக்கு விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியிலும் இரத்தத்தில் ஏதோ ஒரு அளவு இருந்துகொண்டே இருக்கிறது. உடம்பு அதற்குப் பழகிப்போவதுதான் அடிமைத்தனத்தின் தொடக்கம். தவிர, அப்படி இரண்டு நாள் மதியம் போனாலே 120 கிராம். பிரிட்டனின் வார வரம்பு செவ்வாய்க்கிழமையே முடிந்துவிட்டது.

அடுத்தது தூக்கம். மதியம் குடித்தவர் இரண்டு மணிக்குப் படுத்து நான்கு மணிக்குத் தலைபாரத்தோடு எழுவார். ராத்திரி தூக்கம் வராது. வரவழைக்க இன்னும் ஒன்று. ஆல்கஹால் தூங்க வைக்கும், ஆனால் பின்னிரவுத் தூக்கத்தைக் கலைத்துவிடும். விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு, ஐந்து வரை புரளல், காலையில் அசதி. பத்து மணிக்கு அந்த அசதிக்கும் சலிப்புக்கும் மருந்தாக மறுபடி பார் நினைவுக்கு வரும். "எனக்குத் தூக்க வியாதி, அதனால்தான் கொஞ்சம் குடிக்கிறேன்" என்று சொல்பவர்களில் பலருக்குக் காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கும். பகல் குடியை இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

மாத்திரை விஷயத்தை மிக முக்கியமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எட்டு மணிக்கு விழுங்கியது பதினொரு மணிக்கு உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும். கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பிடாமல் குடித்தால் சர்க்கரை அபாயமாக இறங்கலாம், ஏனெனில் ஈரல் ஆல்கஹாலைக் கையாளும் நேரத்தில் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதைக் குறைத்துவிடுகிறது. வியர்வை, குழறல், தள்ளாட்டம் என்று அறிகுறிகள் போதையைப் போலவே இருக்கும். கூட இருப்பவர்கள் "ஏறிவிட்டது, தூங்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். அங்கேதான் உயிர் போகிறது. உங்களுக்குச் சர்க்கரை உண்டென்று கூட்டத்தில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை மாத்திரையோடு அதிகக் குடி சேர்ந்தால் இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து. இரத்த அழுத்த மாத்திரையோடு சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றும்; வெயிலில் உட்கார்ந்து குடித்தால் இன்னும் மோசம், ஏனென்றால் ஆல்கஹால் சிறுநீரைக் கூட்டி உடம்பை வற்றவைக்கிறது. இந்த வயதில் படிக்கட்டில் ஒரு விழுதல் இடுப்பெலும்பில் முடியும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், தூக்க மாத்திரை, ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரை எடுப்பவர்கள் மருந்தாளுநரிடம் "நான் பகலில் குடிப்பதுண்டு" என்று நேரத்தோடு சேர்த்துச் சொல்லிக் கேட்க வேண்டும். "எப்போதாவது" என்று சொன்னால் சரியான பதில் கிடைக்காது.

காப்பீட்டுப் பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். குடித்திருந்தபோது ஏற்பட்ட காயத்துக்குப் பணம் தரமாட்டோம் என்ற விதி பல பயண, மருத்துவக் காப்பீடுகளில் இருக்கிறது. மதியம் மூன்று மணிக்கு வீட்டுப் படியில் வழுக்கி விழுந்தாலும் மருத்துவமனை இரத்தத்தில் ஆல்கஹால் அளவைக் குறித்துக்கொண்டால் விதி பொருந்திவிடலாம். வண்டி ஓட்டும் வரம்பும் நாட்டுக்கு நாடு வேறு. பல ஐரோப்பிய நாடுகளில் லிட்டர் இரத்தத்துக்கு அரை கிராம், இங்கிலாந்தில் 0.8, சில நாடுகளில் பூஜ்யம். பதினொரு மணிக்குத் தொடங்குபவர் அன்று முழுவதும் சாவியைத் தொடக்கூடாது. குடியுரிமை இல்லாதவருக்கு அந்தத் தண்டனை தங்கும் அனுமதியையும் பாதிக்கக்கூடும். லேபிளில்லாத மலிவு மதுவைத் தொடவே வேண்டாம். மெத்தனால் என்னும் விஷ ஆல்கஹால் கலந்திருந்தால் அரை நாள், ஒரு நாள் கழித்துத்தான் கண் மங்கும். அப்போது ஹேங்ஓவர் என்று படுத்துவிடாமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

சரி, நண்பர்கள். ஒதுக்கிவிடுவார்களா? குடிக்காததற்காக யாரும் அவ்வளவு எளிதில் ஒதுக்குவதில்லை. ஒவ்வொருவரும் முறைவைத்து எல்லோருக்கும் வாங்கித்தரும் ரவுண்டு முறையில் சேர்ந்துவிட்டுப் பாதியில் விலகுவதுதான் உரசலாகும். ஐந்து பேர் ஆளுக்கொரு ரவுண்டு வாங்கினால் ஐந்து கிளாஸ், அதுவும் கூட்டத்தில் மிக வேகமாகக் குடிப்பவரின் வேகத்தில். ஆகவே முதலிலேயே "எனக்குத் தனிக் கணக்கு" என்று சொல்லிவிடுங்கள். காரணம் கேட்டால் "மாத்திரை சாப்பிடுகிறேன்" போதும், அந்த வயதுக் கூட்டத்தில் அதற்கு மேல் யாரும் தூண்டமாட்டார்கள். சோடாவோ ஆல்கஹால் இல்லாத பீரோ கையில் இருக்கட்டும். காலிக் கைதான் பிறரை வாங்கித்தரத் தூண்டுகிறது. (ஆல்கஹால் இல்லாத பீரில் சில நாடுகளில் 0.5 சதவீதம் வரை அனுமதி உண்டு, லேபிளைப் பாருங்கள்.) பன்னிரண்டரைக்குப் போய் ஒன்றரைக்கு எழுந்துவிடுங்கள். நீங்கள் உட்கார்ந்த முதல் ஒரு மணிநேரத்திலேயே நல்ல பேச்சு முடிந்திருக்கும், அதற்குப் பிறகு அதே கதைகள் திரும்ப வரும்.

அதைவிட நல்ல வழி, அதே ஆட்களை வேறு நேரத்தில் சந்திப்பது. அவர்களில் ஒருவரையாவது காலை ஏழு மணி நடைக்குக் கூப்பிடுங்கள். பலர் இதற்குக் காத்திருப்பார்கள், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். உங்கள் வாரத்தில் பத்து முதல் இரண்டு வரையான நேரத்தை முதலில் நிரப்புங்கள். அதில் வேறொருவர் உங்களுக்காகக் காத்திருக்கும் வேலையாக இருக்க வேண்டும்: மொழி வகுப்பு, தன்னார்வப் பணி, யாரையாவது வண்டியில் கூட்டிப்போகும் பொறுப்பு. தனியாகச் செய்யும் தோட்ட வேலையும் வாசிப்பும் நல்லவைதான், ஆனால் பதினொரு மணிக்கு யாரும் தேடமாட்டார்கள் என்பதால் எளிதில் தள்ளிப்போகும். குடிப்பதானால் சூரியன் மறைந்த பிறகு, சாப்பாட்டோடு, வாரத்தில் குறைந்தது மூன்று நாள் ஒன்றுமில்லாமல். வீட்டில் தனியாக வேண்டாம். முதல் கிளாஸ் எத்தனை மணிக்கு என்பதை ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். நேரம் மாதத்துக்கு மாதம் முன்னால் நகர்ந்தால், அளவு கூடாவிட்டாலும் அது எச்சரிக்கை. உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' என்னும் பத்துக் கேள்வித் தாள் பல மொழிகளில் கிடைக்கிறது; 8 மதிப்பெண் அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். மனைவி உங்களோடு இருந்தால் அவரும் கூடவே நிரப்பட்டும், தனியாக வீட்டில் இருப்பவரின் குடி யார் கண்ணிலும் படுவதில்லை.

கை நடுங்கும் நண்பரைப் பற்றி. காலையில் நடுங்கி, முதல் கிளாஸுக்குப் பிறகு நின்றுவிடுகிறது என்றால் அவர் உடல் ஆல்கஹாலைச் சார்ந்துவிட்டது. அவரிடம் "நாளையிலிருந்து நிறுத்துங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். திடீரென நிறுத்தினால் 6 முதல் 24 மணிநேரத்தில் வியர்வை, படபடப்பு, நடுக்கம் வரும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது முதல் நான்காவது நாளுக்குள் உளறல், இல்லாததைப் பார்த்தல், காய்ச்சலோடு உயிராபத்தான நிலை வரலாம். மருத்துவக் கண்காணிப்பில், மாத்திரையோடு, தயமின் வைட்டமினும் தந்து படிப்படியாகத்தான் நிறுத்துவார்கள். கூட்டத்தில் வைத்துப் பேசாமல், காலையில், அவர் குடிக்கும் முன், தனியாகப் பேசுங்கள். "நடுக்கத்தைப் பார்த்தேன், கவலையாக இருக்கிறது, மருத்துவரிடம் நானும் வருகிறேன்" என்பது போதும். உள்ளூர் மொழி தெரியாமலே அவர் போகாமல் இருந்திருக்கலாம், ஆகவே மொழிபெயர்க்க ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். தன் மொழியில் பேச ஆளில்லாதவருக்கு குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் இணையவழிக் கூட்டங்கள் உண்டு.

இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள். இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு நேரத்தில் ஆபத்து வருகிறது: பிள்ளைகளைப் பார்க்கப் போய் அவர்கள் வீட்டில் குடிக்காமல் இருக்கும்போது, அல்லது வேறு எதற்கோ மருத்துவமனையில் சேர்ந்தபோது. மூன்றாவது நாள் உளறத் தொடங்கினால் வீட்டார் மறதி நோய் என்றும், மருத்துவமனை மயக்க மருந்தின் விளைவு என்றும் நினைக்கக்கூடும். தினமும் எத்தனை கிராம் குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை அவரே எழுதி, மாத்திரைப் பட்டியலோடு சேர்த்துப் பணப்பையில் வைத்துக்கொள்ளட்டும். சேரும்போதே அந்தத் தாளை நர்ஸிடம் கொடுத்துவிட வேண்டும்.