‘எரேசர்ஹெட்’ பாதியிலேயே புரியாமல் நிறுத்திவிட்டேன். எப்படிப் பார்ப்பது?

கதையைத் தேடாதீர்கள். டேவிட் லிஞ்ச் 1977இல் தந்த இந்த முதல் முழுநீளப் படம் கனவு போலத்தான் நகரும். அர்த்தம் கேட்டவர்களுக்கு அவர் கடைசிவரை விளக்கம் சொல்லவில்லை.

குன்னூரில் ஒரு மழை இரவில் மடிக்கணினியில் பார்த்தேன். தகரக் கூரையில் மழை அடித்த அடியில் பாதி ஒலி காதிலேயே விழவில்லை, சலிப்புதான் மிஞ்சியது. அப்புறம் ஹெட்போனோடு பார்த்தபோதுதான் பிடிபட்டது: படம் முழுக்க இரையும் இயந்திர ஓசைதான் பயத்தைக் கிளப்புகிறது. லிஞ்ச்சும் ஒலி வடிவமைப்பாளர் ஆலன் ஸ்ப்ளெட்டும் அந்த ஒலிக்காகவே அவ்வளவு மெனக்கெட்டார்கள். இரவில் தேயிலைத் தொழிற்சாலையை ஒட்டி நடந்தவர்களுக்கு அந்த இரைச்சல் தெரியும்.

மொத்தம் 89 நிமிடம்தான், நிறுத்தாமல் பாருங்கள். திடீரென்று அப்பாவாகிவிட்ட ஒருவனின் பீதி என்று எடுத்துக்கொண்டால் கொஞ்சம் பிடி கிடைக்கும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.